ஐநூற்றொன்று

முதல் நூறு யூனிட் இனாம்.
இனாமை எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை.
ஆளில்லாத அறையில் மின்விசிறி
கட்டிலுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும்.
நானூற்றுத் தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான்
எல்லோருக்கும் கண் திறக்கும்.

ஐப்பசியில் எட்வின்தாஸ் வந்தார்,
ரெண்டு நாள் பிந்தி.
மீட்டரை அண்ணாந்து பார்த்து
வெள்ளை அட்டையில் எழுதினார்:
ஐநூற்று ஒன்று.

அந்த ஒன்றுக்கு மட்டும் இருநூற்றுச் சொச்சம் ரூபாய்.
ஐநூறில் நின்றிருந்தால் ஒரு விலை.
கோட்டைத் தாண்டினால்
எப்போதோ எரித்து முடித்ததற்கும் வேறு விலை.
"நான் எழுதுறவன்தாம்மா, வெலை போடுறவன் இல்ல."
"ரெண்டு நாள் பிந்தினது யாரு?"
அதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

தோவாளையில் பூச்சந்தைக்குப் பின்னால் எங்கள் வீடு.
மொட்டைமாடியில் ஏறினால்
ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் தெரியும்.
ஆனியில் காயப்போட்ட துணியை
நாலு வீடு தள்ளித்தான் பொறுக்கவேண்டும்.
அந்தக் காற்றுக்கு யாரும் அட்டை போடவில்லை.

மீட்டரின் நெற்றியில்
ஊசிமுனை அளவு ஒரு சிவப்பு
சிமிட்டிக்கொண்டே இருக்கும்.
உயிரோடு இருக்கிறது என்று சொல்கிறதாக்கும் என
பதினோரு வருஷம் நினைத்திருந்தேன்.
அபிராமிதான் பக்கத்துப் பொடியெழுத்தை வாசித்தாள்:
மூவாயிரத்து இருநூறு சிமிட்டலுக்கு
ஒரு யூனிட்.

இஸ்திரிப் பெட்டியைப் போட்டோம்.
நெஞ்சுபோல அடித்தது.
வெந்நீர் ஹீட்டருக்கு
எண்ண முடியாமல் மூச்சிரைத்தது.
சிவதாணு குளியலைச் சுருக்கினார்,
ஒரு வாரம்.
பிறகு அவருக்கு அதுவும் பழகிவிட்டது.
மீட்டர் பெட்டியின் ஆணியில்
அவருடைய சட்டை தொங்கியது.

எனக்குப் பழகவில்லை.
ஒரு ராத்திரி எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன்.
ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கினேன்,
உள்ளே ஈரத்துணியில் மூன்று கிலோ பிச்சிமொட்டு.
சட்டையை விலக்கிவிட்டு நின்றேன்.
இருட்டு.
இனிச் சிமிட்டாது என்றிருந்தபோது
ஒன்று.
அரை நிமிஷம் இருக்கும்,
இன்னொன்று.

வீட்டில் ஏதோ உறங்காமல் இருக்கிறது.

செட்டாப் பாக்ஸ் இல்லை. சார்ஜர் இல்லை.
பின்சுவரில், சந்தைப் பார்த்து ஒரு டியூப்லைட்.
பஞ்சாயத்து விளக்கு பியூஸ் போன வருஷம்
குவைத் போவதற்கு முந்தின நாள்
கொழுந்தன் மாட்டிவிட்டுப் போனது.
ஸ்விட்ச் விறகுப்புரைக்குள்.
விடியவிடிய, அறுபது ராத்திரி:
இருபத்தெட்டு யூனிட் சொச்சம்.
அந்த ஒன்று
இதற்குள்தான் இருந்திருக்கிறது.

அணைத்தேன்.

மூன்று மணிக்குச் சந்தில் ஏதோ விழுந்தது.
"எவ அணைச்சா?" என்றது பேச்சியம்மையின் குரல்.
காலையில் பார்த்தால் சந்து முழுக்க அரளி,
ஓடைக்குள்ளும் அரளி.
கிலோ என்ன விலைக்குப் போயிருக்கும் என்று
என்னால் கேட்க முடியவில்லை.
அவளும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
முட்டியில் மஞ்சள் அப்பியிருந்தது.

மார்கழியில் எட்வின்தாஸ் சரியான நாளில் வந்து
நானூற்று எழுபத்தாறு எழுதினார்.
"கொறச்சிட்டியளே" என்றார்.
உள்ளேயிருந்து கேட்ட சிவதாணு
"அப்போ இன்னும் இருபத்திநாலு கெடக்கு" என்று
அன்றைக்கே வெந்நீரில் நின்று பாடினார்.
அதை நான் எண்ணப் போகவில்லை.

ராத்திரி மறுபடியும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
மீட்டருக்குக் கீழே நின்றேன்.
பின்சுவரில் இப்போது ஒன்பது வாட் பல்பு.
ஒரு சிமிட்டல்.
சந்தில் செருப்புச் சத்தம்,
ஈரச் சம்பங்கி வாசம்,
யாரோ கொட்டாவி விட்டபடி விலை பேசிப் போனார்கள்.
அடுத்த சிமிட்டல் வருவதற்குள்
ஐந்து கூடை கடந்துவிட்டது.